உயிரோடிருந்தவருக்கு ஒப்பாரி

ஒப்பாரி பாடுவதற்குக் குரல்கூட இரண்டாம்பட்சம்தான். முதல் தகுதி, செத்தவர் யார் என்று பாடுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்தச் சின்னத் தகுதியில் நான் ஒருமுறை தவறியிருக்கிறேன். ஒரே ஒருமுறைதான். ஆனால் அந்த ஒருமுறையை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சூடாகிறது. கரடியூர் பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் ஓரம் உட்காராமல், யாருடைய பையாவது முகத்தை மறைக்கும் இடமாகப் பார்த்து உட்காருகிறேன்.

நான் தலைச்சோலை அலமேலு. (சினிமா டைட்டிலில் அப்படித்தான் போடுகிறார்கள். ரேஷன் கார்டில் வெறும் அலமேலுதான்.) எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவள். பறிக்கும்போது பாடுவேன். பாட்டு நின்றால் கூடப் பறிக்கிற பெண்களின் கையும் நின்றுவிடும் என்பதால், கணக்கெழுதும் எங்கள் ரைட்டர் என்னை அதட்டாமல் விட்டுவைத்திருந்தார். பிறகு நோன்பி, திருவிழா என்று பாடக் கூப்பிட்டார்கள். அதன்பின் எழவு வீடுகளுக்கும் கூப்பிட்டார்கள். ஒப்பாரியில்தான் எனக்குப் பேர் வந்தது.

அதற்கு ஒரு முறை உண்டு. எழவு வீட்டுக்குப் போனதும் நான் பிணத்தண்டை போகமாட்டேன். நேராகக் கொல்லைப்புறம் போவேன். அங்கே கண்டிப்பாக யாராவது ஒரு பொம்பளை அடுப்புப் பற்றவைத்துக்கொண்டு இருப்பாள். அவளிடம் கேட்பேன். செத்தவரை வீட்டில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், என்ன பிரியமாகச் சாப்பிடுவார், யாரோடு சண்டை, யாரோடு ராசி, கடைசியாக என்ன கேட்டார். இதையெல்லாம் மனதில் முடிந்துகொண்டு வந்து உட்கார்ந்தால், பாட்டு தானாக வரும். ஒவ்வொரு சாவுக்கும் ஒவ்வொரு பாட்டு. ஒருவருக்குப் பாடியது இன்னொருவருக்கு ஆகாது. ஊரார் சட்டையை மாட்டியதுபோல எங்காவது பிடிக்கும், எங்காவது தொங்கும்.

இப்படி இருந்தவளைச் சினிமாக்காரர்கள் கெடுத்தார்கள் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. உண்மை அதுவல்ல. கெடுவதற்கு நான் தயாராக இருந்தேன். அவர்கள் வண்டி மட்டும்தான் அனுப்பினார்கள்.

நான் பாடியதை யாரோ செல்போனில் எடுத்துப் போட, ஏற்காட்டில் படம் எடுக்க வந்த ஒரு டைரக்டர் தம்பி அதைப் பார்த்துவிட்டார். முதல் படத்தில் ஹீரோவின் அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். அடுத்த படத்தில் முன்னால் உட்கார்ந்து அழுதேன். மூன்றாவது படத்தில் எனக்கென்று முழுசாக ஒரு ஒப்பாரிப் பாட்டே வைத்துவிட்டார்கள். குடிகாரப் புருசன் செத்துப்போகிறான். அவனுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது அப்போதுதான் தெரிகிறது. நான் நெஞ்சில் அடித்துக்கொண்டு அவன் வண்டவாளத்தையெல்லாம் பாட்டிலேயே ஏற்றவேண்டும்.

“அக்கா, கேமரா உங்க இடது பக்கம். பேர் சொல்லும்போதெல்லாம் இடது பக்கம் கையை நீட்டுங்க” என்றார் டைரக்டர்.

நீட்டினேன். பிணமாகப் படுத்திருந்தவருக்கு ஒரு கொசு கடித்தது. மறுபடி எடுத்தார்கள். பிணம் தும்மியது. மறுபடி. மேகம் வந்தது. மறுபடி. ஏற்காட்டில் மேகம் விலகக் காத்திருந்தால் படம் முடியுமா? அந்தப் பாட்டை எத்தனை தடவை பாடினேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறை முடித்ததும் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

“சரியா வந்துச்சுங்களா? ஒன் மோர் போலாங்களா?”

அது அப்படியே நாக்கில் ஒட்டிக்கொண்டது. வீட்டில் என் புருசனோடு சண்டை போட்டு முடித்ததும்கூட ஒருநாள் என்னையறியாமல் அதைக் கேட்டுவிட்டேன். அவர் சோற்றுத் தட்டோடு வாசலுக்குப் போய்விட்டார். (அவர் பேர் ராசு. ஏற்காட்டுக்கு வருகிறவர்களுக்கு இடம் சுற்றிக்காட்டும் ஜீப் ஓட்டுகிறார். பொறுமைசாலி. கடைசிவரை இவர் பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

படம் வந்தது. தலைச்சோலை பஸ் ஸ்டாப்பில் எனக்கு ஒரு பேனர் வைத்தார்கள். நான் அழுகிற படமாகப் பார்த்துப் பெரிதாகப் போட்டு, மேலே என் பேரை எழுதியிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து பார்த்தவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி போலத் தெரிந்திருக்கிறது. கிளியூரிலிருந்து என் சின்ன நாத்தனார் மாலையோடு வந்து இறங்கிவிட்டாள். நான்தான் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஆனால் நான் கூலிங்கிளாஸ் வாங்குவதில் மும்முரமாக இருந்தேன். சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனாலும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் போனேன். கண்ணாடி இருட்டில் சொத்தைக் காய் எது, நல்ல காய் எது என்று தெரியாமல் வாங்கி வந்தேன் என்பதை வெளியே சொல்லவில்லை.

இந்தப் பவிசுக்கு நடுவில்தான் என் மகள் கவிதாவுக்குச் சம்பந்தம் பேசினோம். மாப்பிள்ளை கரடியூர். சேலத்தில் ஏசி மெக்கானிக். (ஏற்காட்டு மலையில் பிறந்தவன் ஏசி மெக்கானிக்! ஆனால் நல்ல பையன்.) கவிதாவுக்கு அவனைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்றால், ஜாதகம் பார்ப்பதற்கு முன்பே பிடித்திருந்தது. அதற்குமேல் தாயாகப்பட்டவள் எழுதக்கூடாது.

மாப்பிள்ளையின் அப்பா சாது. ஞாயிற்றுக்கிழமையானால் சாக்கில் மிளகோ பேரிக்காயோ கட்டிக்கொண்டு சந்தைக்குப் போவார், விற்றதும் நேராக வீட்டுக்கு வருவார். வெற்றிலைகூடப் போடமாட்டார். அம்மா சரஸ்வதி அப்படியல்ல. குறைவாகப் பேசுவார். பேசியது கடைசிவரை நிற்கும். பெண் பார்க்க வந்தவர், காப்பியை வைத்துவிட்டுச் சொன்னார்:

“பொண்ணு நொம்ப லட்சணமா இருக்குதுங்க. ஆனா சினிமாவுல நடிக்கிற ஊட்டுல பொண்ணெடுக்கறது எங்க சனத்துல பழக்கமில்லீங்க. யோசிக்கோணும்.”

மாப்பிள்ளையின் அப்பாதான் பரிந்து வந்தார். “அட, பாடறவங்கதான சரசு. அம்மிணி நல்ல மாதிரி. தை பொறக்கட்டும், நிச்சயம் பண்ணிக்கலாம்.”

“நிச்சயம் ஆகட்டுமுங்க. அதுவரைக்கும் யாரும் யாரையும் சம்பந்தின்னு கூப்பிட்டுக்க வேண்டாம்” என்றார் சரஸ்வதி அம்மா.

அதனால் நான் அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். அவர் என்னை அம்மிணி என்றார். இந்த அண்ணாவுக்கு ஒரு பேர் உண்டு, அது கல்யாணப் பத்திரிகையில் அடிக்கிற பேர், அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தை பிறப்பதற்கு முன்பாகவே அவருடைய அண்ணன் செங்கோடன் இறந்துபோனார். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட, தம்பியைத் தூக்கி வளர்த்தவர். காலையில் எனக்குப் போன் வந்தது.

“அம்மிணி, எங்கண்ணன் போயிட்டாருங்க” என்றார் அவர். குரலில் ஈரமே இல்லை. கட்டை போல இருந்தது. “அவருக்குப் பொண்டாட்டி இல்லை, புள்ளை இல்லை. பேர் சொல்லி அழுவறதுக்கு ஒரு பொம்பளை இல்லீங்க. நீங்க வந்து நாலு வார்த்தை பாடிக் கொடுக்கோணும். எனக்கு அழுகையே வரமாட்டேங்குதுங்க.”

“கவலையே படாதீங்கண்ணா” என்றேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா? கால்ஷீட் கொடுக்கிற குரலில் சொன்னேன்.

போகிற வழியெல்லாம் ஜீப்பில் நான் நினைத்தது செங்கோடனை அல்ல. இன்றைக்குப் பாடுகிற பாட்டில் அந்தச் சரஸ்வதி அம்மா உருகிப்போய், “இப்படிப்பட்டவங்க ஊட்டுலயா பொண்ணெடுக்க யோசிச்சேன்” என்று தானே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஒருவர் செத்துக் கிடக்கிறார், நான் கைதட்டலை எண்ணிக்கொண்டு போகிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கரடியூரில் இறங்கியதுமே “சினிமாக்காரம்மா வந்துட்டாங்க” என்று கூட்டம் விலகியது. கொல்லைப்புறத்திலிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். “அக்கா, பெரியவரைப் பத்தி ஏதாச்சும் கேக்கோணுமுங்களா? நான் சொல்றனுங்க.” என் முறை தெரிந்தவள். எங்கேயோ நான் பாடியதைக் கேட்டிருக்கிறாள்.

“இல்ல கண்ணு, எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்று கையை அசைத்துவிட்டு, நேராகப் பிணத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கூலிங்கிளாஸை மட்டும் கழற்றினேன். அதற்காவது என்னைப் பாராட்ட வேண்டும்.

என் இடது பக்கம் ஒரு பெஞ்சில் மாப்பிள்ளையின் அப்பா கல்லாகி உட்கார்ந்திருந்தார். அவர் பின்னால் நின்ற இரண்டு மூன்று பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். நான் முடியை அவிழ்த்துவிட்டேன். தப்பு மேளம் அடிப்பவர்கள் எனக்காக அடியைத் தணித்தார்கள்.

முதல் இரண்டு வரி நன்றாகவே வந்தது. போனாயே, பூமி இருண்டதே என்று எந்தச் சாவுக்கும் பொருந்துகிற வரிகள். மூன்றாவது வரிக்குச் செங்கோடன் வேண்டும். அவரைப் பற்றி என் கையில் ஒன்றுமில்லை. அவர் என்ன சாப்பிடுவார், யாரை எப்படிக் கூப்பிடுவார், எதுவும் தெரியாது. கேட்டால்தானே தெரியும்! வாய் திறந்தபடி நிற்கிறது, மனதில் வெறும் காற்று. பார்த்தால் செல்போன் கேமரா. அதுவும் இடது பக்கம்.

அவ்வளவுதான். உடம்பு தானாகத் திரும்பியது. கை தானாக நீண்டது. எத்தனையோ டேக்கில் ஊறிய அந்தக் குடிகாரப் புருசன் பாட்டு மடை உடைந்துகொண்டு வந்தது.

“வேலுச்சாமி என் ராசா, வெள்ளத்துணி போர்த்தீரே!
வேலுச்சாமி என் ராசா, வெந்து மடிஞ்சீரே!”

மாப்பிள்ளையின் அப்பா பேர் வேலுச்சாமி.

அவர் சட்டென்று நிமிர்ந்தார். உருகிவிட்டார் என்று நினைத்து நான் குரலை ஏற்றினேன். தப்பு மேளம் நின்றது. ஆகா, கேட்பதற்காக நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். கூட்டத்தின் பின்னாலிருந்து என் புருசன் இரண்டு கையையும் தலைக்குமேல் ஆட்டினார். அசிஸ்டென்ட் டைரக்டரும் அப்படித்தான் ஆட்டுவார், இன்னும் உருக்கமாக வேண்டும் என்பதற்கு. கொடுத்தேன்.

“குடிச்ச கடையெல்லாம் கூடி அழுவுதய்யா!
சந்தைக்குப் போறேன்னு சாக்கெடுத்துப் போனவரே,
சந்துக்குள்ள இன்னொருத்தி சமைச்சுவெச்ச சோறு தின்னீரே!”

சந்தை. சாக்கு. ஞாயிற்றுக்கிழமை.

கூட்டத்தில் இருந்த அத்தனை தலையும் முதலில் வேலுச்சாமி பக்கம் திரும்பியது. பிறகு சரஸ்வதி அம்மா பக்கம் திரும்பியது. சரஸ்வதி அம்மா கண்ணை எடுக்காமல் புருசனையே பார்த்தார். அந்தச் சாது மனிதர் இல்லை என்று தலையை ஆட்டினார். நான் விடவில்லை. அந்த இன்னொருத்திக்குப் பிறந்த பிள்ளைகள் இரண்டும் வாசலில் நிற்பதாக ஒரு வரி இருக்கிறது, அதையும் வாசலைக் காட்டியே பாடினேன். வாசலில் நின்றிருந்தவர்கள் பதறிப்போய் இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள்.

கடைசி வரியை இழுத்து முடித்துப் பிணத்தின் மேல் விழுந்து எழுந்தேன். ஒரு சத்தமில்லை. சினிமாவிலும் டேக் முடிந்ததும் இப்படித்தான் ஒரு நொடி அமைதி இருக்கும். முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். நிமிர்ந்தேன். அப்போது என் வாயில் என்ன வந்திருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

“சரியா வந்துச்சுங்களா? ஒன் மோர் போலாங்களா?”

சரஸ்வதி அம்மாதான் பதில் சொன்னார். “வேண்டாமுங்க. எங்க ஊட்டுக்காரர் ஒருக்கா செத்ததே போதும்.”

அதன் பிறகுதான் எனக்கு எல்லாம் வரிசையாக உறைத்தது. பெஞ்சில் இருப்பவர் யார், பாயில் கிடப்பவர் யார், நான் யார் பேரைச் சொன்னேன் என்பதெல்லாம். ஒரு பெரியவர், “உசிரோட இருக்கறவனுக்கு எழவுப் பாட்டு! ஊட்டுக்கு ஆகுமா இது?” என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வாயைத் திறந்தாலே ஆபத்து என்று நினைத்தார்களோ என்னவோ, இரண்டு பெண்கள் என்னைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்துவிட்டார்கள்.

செங்கோடனை எடுத்துப் போனார்கள். ஒரு பாட்டு இல்லை. பேர் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. மற்றதையெல்லாம் இன்றைக்கு நானே சொல்லிச் சிரிக்கிறேன். இதை மட்டும் சொல்லிச் சிரிக்க என்னால் முடிவதில்லை. அவருக்கென்று கேட்டுக் கூப்பிட்ட ஒரே ஒரு பொம்பளை நான். நான் போய் ஒரு சினிமாப் பிணத்துக்கு அழுதுவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போதும் ஜீப்பை என் புருசன்தான் ஓட்டினார். தலைச்சோலை நெருங்கும்போது ஒரு வளைவில் வண்டியை மெதுவாக்கிவிட்டு, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: “ஏம்புள்ள, எம்பேரு ராசுன்னு ஞாபகம் இருக்குதா?”

விஷயம் எனக்கு முன்பாகவே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. செல்போன் இருக்கிற ஊரில் வேறென்ன நடக்கும்? கவிதா கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். “நொம்பச் சந்தோசம்மா. எனக்கு மாமனாரே இல்லாமப் பண்ணிட்ட” என்று தலையணைக்குள் சொன்னாள். சேலத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் வேலுச்சாமியின் சொந்தக்காரர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு, சரஸ்வதி அம்மாவுக்குப் போன் போட்டுத் துக்கம் விசாரித்தார்களாம். சில போனை வேலுச்சாமியே எடுத்திருக்கிறார். அவர் குரலைக் கேட்டு ஒரு பெரியம்மா போனைக் கீழே போட்டுவிட்டாளாம். என் டைரக்டர் தம்பியும் கூப்பிட்டார். “அக்கா, வீடியோ பார்த்தேன். என்ன ரியலா இருக்கு! அந்தப் பெஞ்சில உக்காந்திருக்கிற ஐயா யாரு? அவர் கொடுத்த ரியாக்‌ஷன் பிரமாதம். அடுத்த படத்துக்கு வருவாரா?” நான் செல்லை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டேன்.

சில நாள் கழித்து, காலைப் பஸ்ஸில் சரஸ்வதி அம்மா தனியாக வந்து இறங்கினார். நான் கொடுத்த தண்ணீரை வாங்கி அப்படியே கீழே வைத்தார். குடிக்கவில்லை. சம்பந்தத்தை முறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கவிதா கதவுக்குப் பின்னால் நிற்பது அவள் கால்விரலில் தெரிந்தது.

“சனம் ஆளுக்கொண்ணு பேசுதுங்க” என்றார். “உசிரோட இருக்கறவருக்கு எழவுப் பாட்டு பாடினது அப்படியே நின்னா, நாளைக்கு அவருக்கு ஒரு தலைவலி வந்தாலும் உங்க பொண்ணு தலையிலதான் விடியும். அது அந்தப் புள்ளைக்கு நல்லதில்லைங்க.”

“நான் என்ன பண்ணோணும் சொல்லுங்க. கால்ல உழுவச் சொன்னாலும் உழுவறனுங்க.”

“கால்ல உழுந்தாப் பாட்டு அழியுங்களா? கருமாதிக்கு வாங்க. அதே எடத்துல, அதே சனத்துக்கு முன்னால, எழவுப் பாட்டை அழிச்சுட்டுப் போங்க.”

“அதெப்படிங்க அழிக்கறது?”

“பொறந்த புள்ளைக்குப் பாடுவாங்களே, அதை அவருக்குப் பாடுங்க. செத்தவர் மறுக்காப் பொறந்தவராட்டம் ஆகட்டும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுபது வயதைத் தாண்டிய மனிதருக்குத் தாலாட்டா? அதுவும் ஊர் கூடிய இடத்தில்? “அப்படி ஒரு வழக்கம் இருக்குதுங்களா?” என்றேன்.

“உசிரோட இருக்கறவருக்கு ஒப்பாரி பாடற வழக்கம் மட்டும் இருக்குதுங்களா?” என்றார். எழுந்து வாசல்வரை போனவர் நின்றார். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: “ஏனுங்க, அந்தப் பாட்டுல வர்ற இன்னொருத்தி... அவ சினிமாவுல மட்டும்தானுங்களே?”

“சாமி சத்தியமா சினிமாவுல மட்டும்தானுங்க.”

“தெரியுமுங்க. இருந்தாலும் கேட்டுக்கிட்டேன்.”

கருமாதியன்று பஸ்ஸில்தான் போனேன். கூலிங்கிளாஸ் அரிசி டப்பாவில் செல்போன் இருந்த இடத்தில் கிடந்தது. கரடியூரில் யார் முகத்தையும் பார்க்காமல் நேராகக் கொல்லைப்புறம் போனேன். அங்கே வேலுச்சாமியே இருந்தார், வாழை இலை நறுக்கிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் எழுந்துகொண்டார். என்னால் கண்ணைத் தூக்க முடியவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

“அண்ணா, உங்கண்ணன் உங்களை என்னன்னு கூப்பிடுவாருங்க?”

அவர் மறுபடி உட்கார்ந்து ஒரு இலையை எடுத்தார். பிறகு, “சுண்டுன்னு கூப்பிடுவாருங்க. நான் சுண்டெலியாட்டம் இருப்பனாம்” என்றார். அப்புறம் நான் கேட்கக் கேட்கச் சொன்னார். இலை நறுக்குவதை நிறுத்தாமல்தான் சொன்னார். சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது அண்ணன் கம்பளியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதை. கீழே விழுந்த ஒற்றைப் பேரிக்காயைக் கொடுத்துவிட்டு, எனக்குப் பசியில்லை என்றதை. “எனக்கு ஒரு கல்யாணம் ஆகட்டும்னு இருந்தாருங்க அம்மிணி. எனக்கு ஆகறதுக்குள்ள அவருக்கு வயசாயிருச்சு.”

பந்தலில் அவரை ஒரு பலகையில் உட்கார வைத்தார்கள். புது வேட்டி, புதுத் துண்டு. அவர் என்னைப் பார்க்கவில்லை, நான் அவரைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் பாதிப் பேர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டிருந்தார்கள். செல்போன்கள் மறுபடி கிளம்பின. நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

“ஆராரோ” என்று எடுத்ததும் பின்னால் யாரோ அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார்கள். ஆனாலும் பாடினேன்.

“சுண்டு என் கண்ணுறங்கு, தோள்மேலே நீயுறங்கு!
காச்சல் உனக்குன்னு கம்பளியில் சுத்திக்கிட்டு
கரடியூர் மேடிறங்கிக் கால்நோக ஓடினாரே!
ஒத்தப் பேரிக்காய உன்கையில் தந்துபுட்டு
பசியில்லை எனக்குன்னு பச்சத்தண்ணி குடிச்சாரே!
தோளிறங்கா ராசாவே, தூக்கி வளத்தவரு
தோளு வலிக்குதுன்னு தூங்கப் போயிட்டாரு.
சத்தம் போடாதே சுண்டு, செங்கோடன் தூங்கட்டும்!”

சிரிப்புச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. வேலுச்சாமி துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அண்ணன் போன நாளிலிருந்து வராத அழுகை, ஊர் பார்க்க, பலகையில் உட்கார்ந்தபடி வந்தது. சரஸ்வதி அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் முதுகில் கையை வைத்தார். அவரும் அழுதார். நானும் அழுதேன். எந்தப் பக்கம் கேமரா இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பாட்டு முடிந்தது. வேலுச்சாமி துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். மூக்கை உறிஞ்சினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

“ஏனுங்க சம்பந்தி, ஒன் மோர் போலாங்களா?”

சம்பந்தி என்றார். நான் சரஸ்வதி அம்மாவைப் பார்த்தேன். அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அதனால் மறுபடி பாடினேன்.

தையில் நிச்சயம் நடந்தது, மாசியில் கல்யாணம். தாலி கட்டி முடித்ததும் மாப்பிள்ளை வீட்டார் பக்கத்திலிருந்து யாரோ “ஒன் மோர்!” என்று குரல் கொடுத்தார்கள், ஐயர்கூடச் சிரித்துவிட்டார். இன்றைக்கும் வேலுச்சாமி எனக்குப் போன் செய்தால், “நல்லா இருக்கறீங்களா சம்பந்தி? செத்தவன் பேசறனுங்க” என்றுதான் ஆரம்பிக்கிறார். ஒவ்வொரு முறையும் எனக்குக் காது மடல் சூடாகிறது. அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறார்.

இப்போதும் சினிமாவில் அழுதுகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் யார் நடிக்கக் கூப்பிட்டாலும் கதை கேட்பதற்கு முன்பு, செத்துப்போகிறவருக்கு என்ன பேர் என்று கேட்பேன். உடனே கரடியூருக்குப் போன் போடுவேன். சரஸ்வதி அம்மா இரண்டு பக்கத்துச் சொந்தபந்தத்தையும் மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவந்து, அந்தப் பேரில் யாராவது உயிரோடு இருந்தால், வேண்டாமுங்க மாத்தச் சொல்லுங்க என்பார். டைரக்டர்கள் மாற்றிக்கொடுத்துவிடுகிறார்கள்.

போன வாரம் ஒரு புதுப் படத்துக்குக் கேட்டார்கள். வழக்கம்போலக் கரடியூருக்குப் போன் போட்டேன்.

“இந்தப் படத்துல செத்துப்போறவர் பேரு ராசுங்களாம், சம்பந்தி. என்ன சொல்றீங்க?”

பக்கத்தில் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்த என் புருசன் கையை நிறுத்தினார். சரஸ்வதி அம்மா நிதானமாக யோசித்தார்.

“எங்க பக்கத்துல அந்தப் பேர்ல யாருமில்லைங்க” என்றார். “உங்க பக்கம், அது உங்க சௌகரியமுங்க.”